உறை கொடுத்தவரும் புத்தகம் படித்தவரும்: கோலாலம்பூரில் தமிழ் நூல் வெளியிடுவோருக்கு ஒரு வழிகாட்டி

என் முதல் சிறுகதைத் தொகுப்பின் வெளியீட்டு விழாவுக்கு 200 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். விழா முடிந்து, செந்தூல் வீட்டில் சாப்பாட்டு மேசைமேல், வந்தவர்கள் பணம் வைத்துத் தந்த உறைகளைப் பிரித்து எண்ணியபோது, அச்சுச் செலவும் மண்டப வாடகையும் போகக் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. வெற்றி என்றே நானும் நினைத்தேன். அடுத்த எட்டு மாதங்களில் அந்தப் புத்தகத்தைப் படித்ததாக என்னிடம் வந்து சொன்னவர்கள் 11 பேர். அவர்களில் மூவர் உறவினர்கள். அச்சிட்டதோ ஆயிரம் படிகள். எஞ்சியவை மாடிப்படிக்குக் கீழே பெட்டிகளில் கிடந்து, நம் ஊர்ப் புழுக்கத்தில் அட்டை சுருண்டு, ஓரங்கள் பழுத்து, கடைசியில் பாதிக்கு மேல் பழைய தாள் வாங்குபவரிடம் போயின.

புத்தகம் போடுவது எப்படி என்று கேட்டு வரும் இளையவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். ஒரு தமிழ் நூலை அச்சில் கொண்டுவருவது கோலாலம்பூரில் அவ்வளவு கடினமான காரியம் அன்று. அச்சகம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, உறை கொடுக்க மனமுள்ளவர்களும் இருக்கிறார்கள். அந்த நூலைப் பிரித்துப் படிக்கக்கூடிய 200 பேரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அந்தத் தேடலை விழாவுக்குப் பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போதே தொடங்க வேண்டும்.

நூலுக்கு முன்பே வாசகர்

ஒரு குறிப்பேட்டை எடுத்து, உங்கள் எழுத்து எதையேனும் படித்துவிட்டு, நீங்கள் கேட்காமலே அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசியவர்களின் பெயர்களை எழுதுங்கள். கல்யாண வீட்டில் பார்த்து, ‘நீங்கள் எழுதுவீர்களாமே’ என்று விசாரித்தவர்கள் இதில் சேரமாட்டார்கள். கதையின் பெயரையோ, ஒரு பாத்திரத்தையோ, ஒரு வரியையோ நினைவு வைத்துச் சொன்னவர்கள் மட்டுமே சேருவார்கள். பட்டியல் 30 பேரைத் தாண்டவில்லை என்றால், புத்தகம் போடும் எண்ணத்தை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டு, இதழ்களில் எழுதுவதே நல்லது என்பது என் கருத்து.

இதழ்கள் என்று சொல்லும்போது, நம் நாட்டில் ஞாயிறு பதிப்புகளுக்கு இன்னமும் தனி இடம் உண்டு. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இன் தொடக்கத்தில் நின்றுபோனது பேரிழப்புதான். மலேசிய எழுத்தாளர்களில் பல தலைமுறையினர் தங்கள் பெயரை முதன்முதலாக அச்சில் பார்த்தது அதன் பக்கங்களில். ஆயினும் மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் போன்ற நாளேடுகள் கதை, கவிதை, கட்டுரைகளுக்கு இடம் தந்து வந்திருக்கின்றன. அவற்றின் வாசகர்களில் பெரும்பாலோர் நடுத்தர வயதைக் கடந்தவர்கள். பிடித்துவிட்டால் தொலைபேசியில் அழைத்துப் பேசக்கூடியவர்கள். இன்னொரு பக்கம், 2007-இல் அச்சிதழாகத் தொடங்கிப் பின்னர் இணைய இதழாக மாறிய வல்லினம் போன்ற தளங்களில் எழுதினால் தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர் வாசகர்களும் கண்டுகொள்வார்கள். விமர்சனமும் கூர்மையாக வரும். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்திவரும் பேரவைக் கதைகள் சிறுகதைப் போட்டி, மாணவப் பருவத்தில் இருப்பவர்களுக்கும் பொதுப்பிரிவினருக்கும் நல்ல வாசல். பரிசு கிடைக்காவிட்டாலும் ஒரு கெடு தேதிக்குள் கதையை முடித்துப் பழகுவீர்கள்.

ஞாயிறு பதிப்பில் கதை வந்தால் அதைப் படம் பிடித்துப் புலன (வாட்ஸ்அப்) குழுக்கள் அனைத்திலும் போட்டுவிட்டு வாழ்த்துகளை எண்ணிக்கொண்டிருப்பது நம்மிடையே பரவலான வழக்கம். கைகூப்பும் சின்னங்களை எண்ணி வாசகர் எண்ணிக்கையை மதிப்பிட வேண்டாம். நான் செய்வது வேறு: படிக்கக்கூடியவர் என்று தோன்றும் ஐந்தாறு பேருக்குத் தனித்தனியே அனுப்பி, ‘முடிவு உங்களுக்கு நம்பும்படி இருந்ததா?’ என்பது போல் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்பேன். பதில் எழுதியவர் பெயர் குறிப்பேட்டில் ஏறும்.

கைப்பிரதியும் மெய்ப்பும்

தொகுக்கும்போது எழுதியவை அனைத்தையும் சேர்த்துவிடத் தோன்றும். 20 கதைகள் இருந்தால் 11 கதைகளைத் தேர்ந்தெடுங்கள். தேர்வை நீங்களே செய்யாமல், உங்களுக்கு உறவல்லாத, உங்களைப் புகழ வேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, அவர் எந்தக் கதையில் நிறுத்தி வைத்தார் என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பிறகுதான் மொழி திருத்துபவரிடம் போக வேண்டும். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் இப்பணியை அன்பாகவே செய்து தருவார்கள். ஆயினும் ஒரு தொகையைப் பேசிக் கொடுத்துவிடுவதே முறை. ஒற்று மிகும் இடம், மிகா இடம், ஒருமை பன்மை மயக்கம், ‘ஓர்’ வர வேண்டிய இடத்தில் ‘ஒரு’ ஆகியவற்றை அவர் பார்க்கட்டும். உரையாடலில் வரும் நம் ஊர்ப் பேச்சை இலக்கணத்துக்கு இழுத்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மலேசியச் சொற்களைப் பற்றியும் இங்கேயே ஒன்று சொல்ல வேண்டும். லயம், பெரட்டு, ஆயாக்கொட்டகை, மண்டோர், பசியாறுதல் என்று வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அடிக்குறிப்புப் போட்டு, தமிழ்நாட்டு வாசகருக்குக் கைபிடித்து வழிகாட்டும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். காலையில் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஒருத்தி பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடுகிறாள் என்றால், அது என்ன இடம் என்று எந்த ஊர் வாசகருக்கும் விளங்கிவிடும். விளங்காத இடத்தில் குறையை வாக்கியத்தில்தான் தேட வேண்டும்.

அடுத்தது எழுத்துரு. இதில் கவனம் தவறியதால் என் இரண்டாவது நூலின் முதல் அச்சே வீணானது. இன்று நாம் கணினியிலும் கைப்பேசியிலும் தட்டச்சு செய்வது யூனிகோடில். அதற்கு நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும் செல்லினமும் பெரிதும் உதவியிருக்கின்றன. ஆனால் பக்க வடிவமைப்புச் செய்யும் சிலர் இன்னமும் பழைய குறியாக்க எழுத்துருக்களுக்கு மாற்றியே வேலை செய்கிறார்கள். மாற்றும்போது ‘ர’ என்ற எழுத்தும் ‘ா’ என்ற துணைக்காலும் இடம் மாறிக்கொள்ளும்; ‘ஔ’ என்பது ‘ஒள’ என்று இரண்டு எழுத்தாகும். பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றுவதால், அச்சுப்பிழை தேடி மெய்ப்புப் பார்க்கும் கண்ணுக்குத் தப்பிவிடும். பின்னாளில் அதே கோப்பை மின்னூலாக்கும்போது எல்லாம் வெளிச்சத்துக்கு வரும். யூனிகோடிலேயே வேலை செய்பவராக இருந்தாலும், இன்டிசைன் மென்பொருளில் பத்தி அமைப்பை ‘வேர்ல்ட்-ரெடி’ வகைக்கு மாற்றினாரா என்று கேளுங்கள். மாற்றாவிட்டால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். என் நூலில் உரைப்பகுதி சரியாக இருந்தது. பக்கத்தின் தலைப்பில் ஓடும் நூற்பெயரில் மட்டும் அந்த அமைப்பை மாற்ற மறந்திருந்தார்கள். இடப்பக்கம் தோறும், 80 பக்கங்களில், கொம்பு தனியே தள்ளாடிக்கொண்டிருந்தது. நான் உரையை மூன்று முறை மெய்ப்புப் பார்த்தேன். பக்கத் தலைப்பை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

ஆகவே இறுதி மெய்ப்பைத் திரையில் பார்க்காதீர்கள். நூலின் உண்மை அளவிலேயே தாளில் அச்சிட்டு, ஒரு முறை உரையையும், இன்னொரு முறை உரையைத் தவிர மற்ற அனைத்தையும், அதாவது பக்க எண், பொருளடக்கம், தலைப்புகள், முதுகெழுத்து, பின்னட்டை ஆகியவற்றையும், தனியாகப் பாருங்கள்.

பதிப்பகமா, சொந்தப் பதிப்பா

உமா பதிப்பகம், ஜெயபக்தி போன்ற நீண்டகாலப் பதிப்பகங்கள் கோலாலம்பூரில் உண்டு. பள்ளி நூல்களிலும் பொது நூல்களிலும் அவற்றின் பெயர் பழகியது. இலக்கிய நூல்களுக்கு வல்லினம் போன்ற சிறு பதிப்பகங்கள், தங்கள் தேர்வுக்கு உட்பட்டவற்றை வெளியிடுகின்றன. பதிப்பகம் உங்கள் நூலை ஏற்றுக்கொண்டால், எத்தனை படிகள், எத்தனை ஆண்டு உரிமை, மின்னூல் உரிமையும் மொழிபெயர்ப்பு உரிமையும் யாருக்கு, உரிமத்தொகை (ராயல்டி) விற்ற விலையிலா அட்டை விலையிலா என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அட்டை விலையில் 10 விழுக்காடு என்பது தமிழ்ப் பதிப்புலகில் பழகிப்போன கணக்கு. இதைவிட முக்கியமானது, எத்தனை ஆண்டுகள் அச்சில் இல்லாமல் போனால் உரிமை உங்களிடம் திரும்பும் என்ற ஒரு வரி.

பணம் வாங்கிக்கொண்டு ‘எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்பவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். வடிவமைத்த மூலக் கோப்பு எனக்குக் கிடைக்குமா? நூலெண் (ஐ.எஸ்.பி.என்) யார் பெயரில் பதிவாகும்? விற்காத படிகள் யாருடையவை? இவற்றுக்கு நேரான விடை வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

நம் நாட்டில் புனைவு எழுதுவோரில் பெரும்பாலோர் சொந்தமாகவே வெளியிடுகிறார்கள். அதில் தாழ்வு ஒன்றுமில்லை. தொடர்ந்து நூல்களை விற்கும் எண்ணம் இருந்தால், மலேசிய நிறுவன ஆணையமாகிய எஸ்.எஸ்.எம்-இல் தனிவணிகமாகப் பதிந்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், ‘இன்ன பதிப்பகம்’ என்று வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். வங்கிக் கணக்கும் கியூ.ஆர் குறியீடும் அந்தப் பெயரில் இருந்தால் பள்ளிகளும் நிறுவனங்களும் வாங்குவதற்கு எளிதாக இருக்கும்.

நூலெண்ணும் தேசிய நூலகமும்

ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகமே மலேசியாவில் ஐ.எஸ்.பி.என் வழங்குகிறது. கட்டணம் கிடையாது; தனிமனிதரும் விண்ணப்பிக்கலாம். மலேசிய எண்கள் 978-க்குப் பிறகு 967, 983, 629 ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு தொடங்கும். அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறோர் எண். மறு அச்சுக்குப் பழைய எண்ணே போதும், உள்ளடக்கத்தை மாற்றிய புதுப் பதிப்புக்குப் புது எண் வேண்டும். நூலகங்கள் பட்டியலிடப் பயன்படுத்தும் நூற்பட்டியல் தரவையும் அங்கிருந்தே பெற்று, உரிமைப் பக்கத்தில் அச்சிடலாம். விண்ணப்பத்தில் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ரோமன் எழுத்தில் கேட்பார்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு எழுத்துக்கூட்டாமல் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். என் பெயர் மூன்று நூல்களில் மூன்று விதமாகப் பதிவாகி, நூலகப் பட்டியலில் மூன்று எழுத்தாளர்களாக நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் 1986-இன் விதி. இதை வீண் செலவாக நினைத்துத் தவிர்ப்பவர்கள் உண்டு. வெளிவந்து 30 ஆண்டுகள் ஆன மலேசியத் தமிழ் நாவல் ஒன்றைத் தேடி அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், எழுதியவர் வீட்டிலேயே ஒரு படி இருக்காது. அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் நூலில் இருக்க வேண்டும் என்று அச்சக, பதிப்பகச் சட்டம் 1984 சொல்கிறது. உரிமைப் பக்கத்திலேயே போட்டுவிடலாம். பதிப்புரிமையைப் பொறுத்தவரை, எழுதி முடித்த கணமே அது உங்களுடையது; 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதியவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். விரும்பினால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்திடம் அறிவிக்கை செய்து சான்று பெறலாம். உங்கள் உரிமையைப் பற்றிக் கவலைப்படும்போதே, கதைக்கு நடுவில் எடுத்தாண்ட திரைப்பாடல் வரிக்கும் அட்டைக்கு இணையத்திலிருந்து எடுத்த படத்துக்கும் உரிமையாளர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அச்சு

அச்சகத்துக்குப் போகுமுன் பக்க எண்ணிக்கையை 16-ஆல் வகுபடும்படி அமைத்துக்கொள்ளுங்கள். 160, 176, 192 என்பவை நல்ல எண்கள். 163 பக்கம் வந்தால் மூன்று பக்கத்தைக் குறையுங்கள். இல்லையென்றால் ஒரு பாரத்துக்கான, அதாவது 16 பக்கம் சேர்ந்து அச்சாகும் தாளுக்கான, காசைக் கொடுத்துவிட்டு வெற்றுத் தாளை வாங்குவீர்கள். இங்குள்ள அச்சகங்களுக்கு ஏ5 அளவு எளிது. தமிழ்நாட்டில் டெமி அளவு வழக்கம். வெள்ளைத் தாளைவிட இளமஞ்சள் தாள் கண்ணுக்கு இதமானது.

சில நூறு படிகள் வரை டிஜிட்டல் அச்சும், அதற்கு மேல் ஆப்செட் அச்சும் கட்டுப்படியாகும். சென்னையில் அச்சிட்டால் படிக்கு ஆகும் செலவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் கப்பல் அல்லது விமானச் சரக்குக் கட்டணம், தாமதம், தவறு நேர்ந்தால் திருப்பி அனுப்ப முடியாத நிலை ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். விழா தேதியை அறிவித்துவிட்டு, பெட்டி இன்னும் துறைமுகத்தில் இருக்கிறது என்று நகம் கடித்தவர்கள் என் நண்பர்களில் இருவர் இருக்கிறார்கள். எங்கே அச்சிட்டாலும் ஒரே ஒரு மாதிரிப் படியை முதலில் கையில் வாங்கிப் பார்க்காமல் முழு அச்சுக்கு ஒப்புதல் தராதீர்கள்.

எத்தனை படிகள்? குறிப்பேட்டில் இருக்கும் பெயர்கள், விழாவுக்கு வரக்கூடியவர்கள், ஒப்படைப்புக்கும் மதிப்புரைக்கும் பரிசுப் போட்டிக்கும் 30 படிகள் என்று கூட்டுங்கள். முதல் நூலுக்குப் பெரும்பாலும் 300-இல் நின்றுவிடும். ‘ஆயிரம் அடித்தால் ஒன்றுக்கு விலை குறையுமே’ என்று அச்சகத்தார் சொல்வார். கணக்கில் அவர் சொல்வது சரி, மாடிப்படிக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று அவர் கேட்கமாட்டார். விலையை ஒரு கணக்குக்காகப் பார்ப்போம்: வடிவமைப்பு, மெய்ப்பு, அச்சு எல்லாம் சேர்ந்து 300 படிகளுக்கு 3,600 ரிங்கிட் ஆனால் படிக்கு 12 ரிங்கிட். அட்டை விலை 25 என்று வைத்து, கடைக்கு 40 விழுக்காடு கழிவு கொடுத்தால் கைக்கு வருவது 15. மூன்று ரிங்கிட்டுக்காகக் கடையில் வைப்பதா என்று கேட்கக்கூடாது. கடையில் வாங்குபவர் உங்களைத் தெரியாமல் வாங்குபவர், அவருடைய மதிப்பு வேறு.

விழா

தமிழ் நூல் வெளியீடு என்பது நம் நாட்டில் ஒரு சடங்கு. ஆகவே இதை விரிவாகப் பேச வேண்டும். ஜாலான் சுல்தான் சுலைமானில் உள்ள விஸ்மா துன் சம்பந்தனின் டான்ஸ்ரீ சோமா அரங்கத்தில் நடக்கும் ஒரு விழாவை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் மேசை, மேசையில் வருகையாளர் ஏடு, பணப்பெட்டி, நெகிழிப் பையில் இட்ட நூல்கள். வருபவர் உறையை நீட்டுவார், பையை வாங்கிக்கொள்வார், ஏட்டில் கையெழுத்திடுவார். உள்ளே தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள். அப்புறம் முதல் நூலை ஒரு தொழிலதிபரோ அரசியல் தலைவரோ பெற்றுக்கொள்வார். அவர் தரும் தொகை அறிவிக்கப்படலாம், அறிவிக்கப்படாமலும் போகலாம். தொடர்ந்து ‘சிறப்புப் படி’ பெறுவோர் பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்படும். பெயர் விடுபட்டால் வருத்தம், வரிசை மாறினால் அதைவிடப் பெரிய வருத்தம்.

இந்த முறையைக் கேலி செய்பவர்களோடு நான் சேரமாட்டேன். சந்தை சிறியதாக உள்ள நாட்டில், புத்தகம் போட்டவன் கடனாளியாகாமல் காப்பாற்றி வருவது இந்த உறைதான். ஆனால் உறை கொடுப்பவர் உங்களுக்கு மொய் எழுதுகிறார் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் வீட்டு விசேஷத்துக்கு நீங்களும் போவீர்கள். அவர் நூலைப் படிக்கவில்லை என்று பின்னர் மனம் நொந்து பயனில்லை. அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அதே கூட்டத்தில் இருக்கும் நாற்பது வாசகர்களைக் கண்டுபிடிக்க விழாவைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

அதற்கு நான் கற்றுக்கொண்ட சில வழிகள் உண்டு. வாழ்த்துரைகளை மூன்றுக்குள் நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் என்று அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். நூலைப் படித்துவிட்டு வந்து பேசும் ஒருவருக்கு 20 நிமிடம் கொடுங்கள். அவருக்கு ஒரு மாதத்துக்கு முன்பே கைப்பிரதியைத் தந்துவிட வேண்டும். ஏற்புரையில் நன்றிப் பட்டியலைச் சுருக்கி, நூலிலிருந்து ஒரு பக்கத்தை நீங்களே வாசியுங்கள். முடிவைச் சொல்லாமல், ஒரு காட்சியின் நடுவில் நிறுத்துங்கள். என் மூன்றாவது நூலின் விழாவில் நான் அப்படி நிறுத்தியபோது, மூன்றாவது வரிசையில் இருந்த ஓர் அம்மா நெகிழிப் பையைக் கிழித்து, உணவு பரிமாறுவதற்குள் மீதிப் பக்கத்தைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தார். நூலைப் பையில் போட்டுத் தர வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன். கையில் வைத்திருப்பவர் புரட்டுவார். பையில் இருப்பது அப்படியே காரின் பின் இருக்கைக்குப் போய்விடும்.

நூலின் கடைசிப் பக்கத்தில் உங்கள் புலன எண்ணையோ மின்னஞ்சலையோ போட்டு, ‘படித்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள்’ என்று கேளுங்கள். கையெழுத்துக்காக வருபவரிடம் அவர் ஊரைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். அடுத்த நூலைப் பற்றித் தெரிவிக்கலாமா என்று அனுமதியும் கேட்டுக்கொள்ளுங்கள். தேதியைப் பொறுத்தவரை, தைப்பூசம், தீபாவளிக்கு முந்திய வாரங்கள், முகூர்த்த ஞாயிறுகள், பள்ளி விடுமுறையின் முதல் வார இறுதி ஆகியவற்றை விட்டுவிடுங்கள்.

விழாவுக்குப் பின்

முதல் மூன்று மாதங்களில் பெரிய கூட்டங்களைத் தேடாமல், சிறிய வட்டங்களுக்குப் போங்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறை, கோயில் மண்டபத்தின் பக்கவாட்டு அறை, யாராவது ஒருவர் வீட்டு வரவேற்பறை எதுவாயினும் சரி. 12 பேர் நூலைப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அதைவிட நல்ல விளம்பரம் இல்லை. கூட்டத்துக்குப் போகுமுன் அத்தனை பேரிடமும் நூல் இருக்கும்படி ஒரு மாதம் முன்பே பாதி விலைக்குக் கொடுத்துவிடுவது என் வழக்கம். அந்தப் பன்னிருவரில் இருவர் ஆசிரியர்களாக இருந்தால், நூல் அவர்கள் பள்ளிக்கும் போய்ச் சேரும்.

நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. சிறுவர் நூல் எழுதுபவருக்கு அவையே பெரிய வாசகப் பரப்பு. தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, விற்பனையை முன்னிறுத்தாமல், கதை சொல்லவோ எழுதக் கற்றுக்கொடுக்கவோ ஒரு மணி நேரம் கேளுங்கள். நூலகத்துக்கு ஒரு படியை அன்பளிப்பாகக் கொடுங்கள். பெரியவர்களுக்கான நூல் என்றால் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை போன்ற இடங்களில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு அது சென்று சேர வேண்டும். ஓர் ஆய்வேட்டில் இடம்பெற்ற நூல் 20 ஆண்டுகளுக்குப் பிறகும் தேடப்படும்.

மின்னல் எஃப்எம் போன்ற வானொலிகளில் நூலைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தால், நிகழ்ச்சி தொடங்குமுன் அறிவிப்பாளரின் கையில் நூலையும், அவர் கேட்கத் தகுந்த மூன்று கேள்விகளையும் கொடுத்துவிடுங்கள். 1981-இலிருந்து நடந்துவரும் கோலாலம்பூர் அனைத்துலகப் புத்தகக் கண்காட்சியில் மலாய் நூல்களே பெரும்பகுதி. தனியாகக் கடை எடுப்பது ஓர் எழுத்தாளருக்குக் கட்டாது, தமிழ் நூல்களோடு வரும் பதிப்பாளர் ஒருவரின் மேசையில் இடம் கேட்டுக்கொள்ளலாம்.

இணைய விற்பனைக்கு ஷோப்பி போதும். ஆயினும், புலனத்தில் கேட்டு, பணம் அனுப்பி, முகவரி தந்து வாங்குபவர்களே அதிகம். அவர்களுக்கு ரசீது அனுப்புங்கள்: புத்தகம் வாங்கிய செலவு, வாழ்க்கைமுறைக்கான 2,500 ரிங்கிட் வருமான வரிக் கழிவுக்குள் அடங்கும் என்பது பலருக்குத் தெரியாது, தெரிந்தால் இரண்டு படிகள் வாங்குவார்கள். உங்கள் வரிக் கணக்கிலும் ஒரு சலுகை உண்டு. இலக்கியப் படைப்புக்காகக் கிடைக்கும் உரிமத்தொகையில் ஆண்டுக்கு 20,000 ரிங்கிட் வரை விலக்கு இருக்கிறது. அந்த அளவுக்குத் தமிழில் உரிமத்தொகை வாங்கிய எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கிண்டிலில் தமிழ் மின்னூல் வெளியிட முடியும். யூனிகோடில் கோப்பு இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் வேலை. வெளிநாட்டு வாசகர்களை எட்டுவதற்கு அது நல்ல வழி. அச்சு நூல் வந்து ஆறு மாதம் கழித்து வெளியிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது.

பரிசுகளையும் விட்டுவிட வேண்டாம். டான்ஸ்ரீ கே.ஆர். சோமா மொழி, இலக்கிய அறவாரியம் நூல்களுக்குப் பரிசுப் போட்டி நடத்திவருகிறது. அறிவிப்பு நாளேடுகளில் வரும். பல படிகள் அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால் பத்துப் படிகளை எடுத்துத் தனியே கட்டி வையுங்கள், நண்பர் கேட்டாலும் பிரிக்காதீர்கள்.

இன்னும் ஒரு படியையும் தனியே எடுத்து, அட்டையில் ‘திருத்தப் படி’ என்று எழுதி, எழுதும் மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாசகர் சுட்டிக்காட்டும் ஒவ்வொரு பிழையையும் அந்தப் பக்கத்திலேயே சிவப்பு மையால் குறித்து, ஓரத்தில் சொன்னவர் பெயரையும் எழுதுங்கள். என் இரண்டாவது நூலின் திருத்தப் படியில் 47 குறிப்புகள் இருக்கின்றன; 19 பேரின் பெயர்கள் இருக்கின்றன. மறு அச்சுக்குப் பணம் சேர்ந்தபோது நான் முதலில் தொலைபேசியில் அழைத்தது அந்த 19 பேரைத்தான். 16 பேர் அழைப்பிலேயே தங்களுக்கும் மற்றவர்களுக்குமாகப் படிகளைச் சொல்லிவைத்தார்கள். மறு அச்சு 150 படிகள். மாடிப்படிக்குக் கீழே இப்போது மிதிவண்டி நிற்கிறது.